ஜெனிக்கு ஒரு சந்தேகம்

ஹுமா: நரம்புன்னா எழுதி வச்சிட்டு வந்திருக்க?

ஜெனி: ஆமா. நரம்புன்னுதான் எழுதுனேன். ஏன், தப்பா?

ஹுமா: தொப்புள்கொடிக்குள்ள ரெண்டு தமனி, ஒரு சிரை. நரம்பு எங்கிட்டு இருந்துடி வந்துச்சு?

ஜெனி: ஆசுபத்திரியில ஊசி போடும்போது நர்ஸக்கா சொல்லுவாங்கல்ல... நரம்பே கெடைக்கல, கைய இறுக்கி மூடுன்னு. அந்த நரம்புதான்.

ஹுமா: அது நரம்பு இல்ல. அதுதான் சிரை. ஊரே தப்பாச் சொல்லுது.

ஜெனி: ஊரே சொல்லுதுல்ல. பேப்பர் திருத்துற சாரும் ஏதோ ஒரு ஊருக்காரருதானே. புரிஞ்சுக்கிருவாரு.

ஹுமா: ஏண்டி, ப்ளஸ் டூ பரீட்சையே இன்னையோட முடிஞ்சுபோச்சு. கடைசிப் பேப்பர், அதுவும் பயாலஜி. நாளைக்கு டாக்டராகப் போற பிள்ளை, சிரைக்கு நரம்புன்னு எழுதிட்டு வந்து தெப்பக்குளத்துச் சுவர்ல காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு...

ஜெனி: ...

ஹுமா: என்ன, சத்தத்தையே காணோம்?

ஜெனி: மாங்கா கடிச்சேன். புளிக்குது.

ஹுமா: நோன்பு வச்சிருக்கிறவ முன்னாடி மொளகாப்பொடி தொட்டு மாங்கா திங்கிற. ஒனக்கு இரக்கமே கெடையாதா?

ஜெனி: அங்கிட்டுத் திரும்பித்தாண்டி திங்கிறேன். நீ தண்ணியப் பாரு, நான் ரோட்டப் பாக்குறேன்.

ஹுமா: வாசம் வருதே.

ஜெனி: மூக்குக்கும் சேத்து நோன்பு வையி.

ஹுமா: ஒனக்கும் இப்ப தவக்காலம்தானே?

ஜெனி: தவக்காலத்துல கறிதான் கூடாது. மாங்காயப் பத்தி சாமியார் ஒண்ணும் சொல்லல. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கேன்னதுக்கும் எங்கம்மா விடல, பரீட்சை எழுதுற பிள்ளைன்னு. நீதான் விடியுமுன்னாடி சாப்பிட சஹருக்கு எந்திரிச்சு, பச்சத் தண்ணி குடிக்காம அம்புட்டு நேரம் எழுதிட்டு, வெயில்ல நடந்து வந்து, எனக்குத் தப்பு வேற கண்டுபிடிக்கிற. எங்கிட்டு இருந்துடி ஒனக்குத் தெம்பு வருது?

ஹுமா: பழகிருச்சு.

ஜெனி: பழக்கமாம்... ஹால்ல நான் ஒன்னையவேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஹுமா: பேப்பரப் பாக்காம என்னைய எதுக்குப் பாத்த?

ஜெனி: பேப்பர்ல பாக்க என்ன இருக்கு. நீ எழுதுறதுதான் பாக்க நல்லா இருக்கும். படம் வரையும்போது நாக்கு நுனியக் கடிச்சுக்கிருவ. வரைஞ்சு முடிச்சுட்டு பென்சில் தூளை ஊதுவ பாரு, பிள்ளைக்கு அடிபட்ட எடத்துல ஊதுற மாதிரி. அதப் பாத்தாலே எனக்குத் தோணும், இவகிட்ட வைத்தியம் பாத்தா பாதி நோவு தானாப் போயிரும்னு.

ஹுமா: சும்மா இருடி. லந்து பண்ணாத.

ஜெனி: லந்து இல்ல. நெசமாத்தான் சொல்றேன். நீ டாக்டராகிருவ. எனக்கு அதுல ஒரு துளி சந்தேகம் இல்ல.

ஹுமா: ரெண்டு பேரும் ஆவோம். மே மாசம் நீட்டு எழுதுறோம், ஒரே காலேஜுல சேர்றோம். நாளன்னைக்கே காளவாசல்ல கிராஷ் கோர்ஸ் ஆரம்பிக்குது. நீ அனுப்பானடியில ஷேர் ஆட்டோ ஏறி பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்துரு. அங்க இருந்து சேந்து போவோம்.

ஜெனி: ம்...

ஹுமா: என்ன ம்?

ஜெனி: வாரேன், வாரேன்.

ஹுமா: ஒரே ஹால்ல விழுந்தா நல்லா இருக்கும்ல? நான் தமிழ் மீடியம்தான் போட்டேன். நீ?

ஜெனி: நானும்... ஆமா, தமிழ்தான்.

ஹுமா: ஊரு?

ஜெனி: மதுரைதான். அவனியாபுரத்துக்கிட்ட ஏதோ காலேஜாம். ஏர்போர்ட்டுக்குப் போற வழியில.

ஹுமா: ...

ஜெனி: என்னடி அப்படிப் பாக்குற?

ஹுமா: எந்தக் காலேஜுன்னு ஒனக்கு யாரு சொன்னா?

ஜெனி: அதான் போட்டிருந்துச்சே...

ஹுமா: எங்க போட்டிருந்துச்சு? இன்னும் யாருக்குமே எடம் சொல்லல. அடுத்த மாசக் கடைசியிலதான் சொல்லுவாங்க.

ஜெனி: அப்ப வேற யாருதையோ பாத்திருப்பேன்.

ஹுமா: ஜெனி... என்னையப் பாரு. மாங்காயக் கீழ போட்டுட்டு என்னையப் பாரு.

ஜெனி: கீழ போடக் கூடாது, அப்பறம் மீனு தின்னுட்டு வயித்த வலின்னு சொல்லும்.

ஹுமா: நீ நீட்டுக்குப் போட்டியா, இல்லையா?

ஜெனி: போடல.

ஹுமா: போடலையா? மறந்துட்டியா? ஐயோ, தேதி முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

ஜெனி: மறக்கல. வேணும்னுதான் போடல. எனக்கு டாக்டர் வேணாம்டி.

ஹுமா: வேணாமா... எப்ப இருந்து?

ஜெனி: எப்பவுமே.

ஹுமா: வெளையாடாத.

ஜெனி: லேப்ல ரத்த குரூப் பாத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நான் மயங்கி விழுந்தேன்ல.

ஹுமா: வெயில் ஒத்துக்கலைன்னு சொன்னியே.

ஜெனி: ஜனவரி மாசம் என்னடி வெயிலு? ரத்தம். அதுவும் என் ரத்தம்கூட இல்ல, ஒன் வெரல்ல குத்துனதுக்கு நான் விழுந்தேன். நீதான் என் காலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும்னு வெரட்டுன. ஒன் வெரல்ல இருந்து சொட்டிக்கிட்டு இருந்துச்சு, நீ அதக் கவனிக்கவே இல்ல. கண்ணு முழிச்சுப் பாத்தா அதத்தான் பாத்தேன்... திரும்பவும் மயக்கம் வந்துருச்சு.

ஹுமா: அப்ப நீ என்னதான் படிக்கப் போற?

ஜெனி: சட்டம். மதுரை லா காலேஜ்.

ஹுமா: வக்கீலா?

ஜெனி: இந்த வாய வேற எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்ற?

ஹுமா: அப்ப எதுக்குடி பயாலஜி குரூப்ல சேந்த? ரெண்டு வருஷம்... தவளையில இருந்து தொப்புள்கொடி வரைக்கும்... எதுக்குடி?

ஜெனி: பத்தாவது முடிச்ச லீவுல எங்க வீட்டுக்கு வந்த. கேட்டுக்குள்ள வரக்கூட இல்ல, வாசல்லயே நின்னு அழுத. நீ பயாலஜி எடுத்தாத்தான் என்னையும் எங்க வீட்டுல எடுக்க விடுவாங்க ஜெனின்னு சொன்ன. அதான் எடுத்தேன்.

ஹுமா: ஒனக்கும் ஆசைன்னு சொன்னியேடி. சின்ன வயசுல இருந்து டாக்டர் ஆசைன்னு...

ஜெனி: அப்படிச் சொல்லலைன்னா நீ விட்டுருப்பியா? பாவம் ஜெனின்னு நீயும் வந்து காமர்ஸ்ல உக்காந்திருப்ப.

ஹுமா: ஒங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?

ஜெனி: ஞானசீலன் வாத்தியார் என்ன சொல்லுவாரு. டி. கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறுற அவசரத்துல கேட்டாரு, லாவுக்கு எந்த குரூப் எடுத்தாலும் பரவாயில்ல பாப்பா, ஆனா ரெண்டு வருஷம் தாங்குவியான்னு. தாங்குவேன்ப்பான்னேன். சரின்னுட்டாரு.

ஹுமா: எனக்காக ரெண்டு வருஷம்...

ஜெனி: அழுகாத. கோயிலுக்குத் துணைக்குப் போவாங்க, ஜவுளி எடுக்கத் துணைக்குப் போவாங்க. ஜுவாலஜிக்குத் துணைக்கு வந்த மொத ஆளு நாந்தான். பெருமையாத்தான் இருக்கு.

ஹுமா: போடி...

ஜெனி: பெயிலாப் போனவங்க திருப்பி எழுதுறதுக்கு என்ன பேரு வச்சிருக்காங்க? துணைத் தேர்வு. நான் மொதத் தேர்வையே துணைத் தேர்வாத்தான் எழுதியிருக்கேன்.

ஹுமா: சிரிக்க வைக்காதடி. எனக்காக நீ நட்டப்பட்டிருக்க.

ஜெனி: யாரு சொன்னா? நான் ஒண்ணும் நட்டப்படல. ரெண்டு வருஷம் ஒன் பக்கத்துல உக்காந்திருக்கேன். நீ படிக்கிறதப் பாத்து எனக்கும் படிப்பு மேல ஒரு மரியாதை வந்துச்சு. எனக்குப் பிடிக்காததையே இம்புட்டுப் படிச்சிருக்கேன்னா, பிடிச்சதப் படிச்சா எப்படிப் படிப்பேன்னு யோசிச்சுப் பாரு. ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு.

ஹுமா: அது நடக்கும். ஒனக்கு நடக்கும்டி. ஒன்ன மாதிரி ஒரு பிள்ளைய நான் பாத்ததே இல்ல...

ஜெனி: சரி, கண்ணத் தொடச்சுக்க. ரோட்டுல போறவங்க பாக்குறாங்க, வினாத்தாள் கஷ்டம்னு நெனச்சுக்கிருவாங்க.

ஹுமா: ஜெனி... ஆனா இப்ப நான் என்ன செய்யிறது?

ஜெனி: என்ன செய்யிறது? நீ போ, எழுது, பாஸாகு.

ஹுமா: நீ இல்லாம என்னையப் போக விட மாட்டாங்க.

ஜெனி: ஏண்டி, காளவாசல் என்ன காட்டுக்குள்ளயா இருக்கு? பகல் நேரம். பஸ்ஸுக்குப் பஸ்.

ஹுமா: பயத்துக்கு இல்லடி. வேற ஒண்ணு. ஒனக்குத் தெரியாது... நானும் ஒண்ணு சொல்லல.

ஜெனி: என்ன?

ஹுமா: எங்க வீட்டுல... டாக்டருக்குப் படிக்கிறது நீதான்.

ஜெனி: நானா?

ஹுமா: நான் ஒனக்குத் துணைக்கு வாரேன். அப்படித்தான் சொல்லி வச்சிருக்கு.

ஜெனி: என்னது?

ஹுமா: பிறத்தியார் பிள்ளை, டாக்டருக்கு ஆசைப்படுது, தனியாப் போயி வரச் சங்கடப்படுது, நம்ம ஹுமா துணைக்குப் போயிட்டு வரட்டும்னு. எங்கம்மாதான் சொன்னாங்க. எங்கத்தாவும் ஆமா போட்டாரு.

ஜெனி: இருடி, இருடி. நான் ஒனக்குத் துணைக்கு வந்தேன். நீ எனக்குத் துணைக்கு வந்த. அப்ப டாக்டருக்குப் படிச்சது யாருடி?

ஹுமா: மெதுவாப் பேசு...

ஜெனி: ஒங்கம்மாவும் அப்பாவும் சேந்து யாருகிட்ட இந்தப் பொய்யி?

ஹுமா: எங்கத்தாவோட அண்ணன், பெரியத்தாகிட்ட. ஃபர்ஹா அக்காவோட அத்தா. கூட்டுக் குடும்பம்ல, அவரு சொல்லுறதுதான்.

ஜெனி: அவரு பொம்பளப் பிள்ளைகளப் படிக்க வைக்க மாட்டாரா?

ஹுமா: ச்சே, அப்படி இல்ல. அக்காவ டாக்டராக்கணும்னு தலைகீழா நின்னது அவருதான். ஒனக்கு எங்க மெத்தைக் கடை தெரியும்ல. காயத்துக்குப் போடுற தையல்ல ஒண்ணுக்கு மெத்தைத் தையல்னே பேருன்னு அக்கா எப்பவோ படிச்சுட்டு வந்து சொல்லிருச்சு. அன்னையில இருந்து கடைக்கு வர்ற ஆளுககிட்ட எல்லாம் பெரியத்தா சொல்லுவாரு, டாக்டருகளும் நம்ம தொழில்தான் பாக்குறாங்க, எம்மக அங்கிட்டுப் போயி தைக்கப் போறான்னு.

ஜெனி: பெறகு என்னாச்சு?

ஹுமா: அக்கா மூணு தடவை எழுதுச்சு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்துல போயிருச்சு. மூணாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு அது அழவே இல்ல ஜெனி. கடைக்குப் போயி, பழுதுக்கு வந்த பழைய மெத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டு, தனியா உக்காந்து பஞ்சு பிச்சுக்கிட்டே இருந்துச்சு. தலையெல்லாம் பஞ்சு. கூப்பிட்டா திரும்பிப் பாக்கல. ரொம்ப நாளைக்குப் பேச்சே இல்ல.

ஜெனி: ஐயோ...

ஹுமா: பெரியத்தா அன்னைக்குச் சொன்னாரு. இனிமே இந்த வீட்டுல டாக்டர்ங்கிற பேச்சே வரக் கூடாது, இன்னொரு பிள்ளைய இப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்லைன்னு. அவரு கோவத்துல சொல்லல. அழுதுக்கிட்டே சொன்னாரு. இப்ப மெத்தை வாங்க டாக்டரே வந்தாலும் தலையத் தூக்கிப் பாக்க மாட்டாரு. நம்ம பத்தாவது முடிச்ச லீவுலதான் இது நடந்துச்சு.

ஜெனி: அதான் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னியா.

ஹுமா: ம். பெரியத்தாவ விடு. அக்காவுக்குத் தெரியக் கூடாது. அதுதான் எனக்குப் பெருசு. அது தோத்த எடத்துக்கு நான் கெளம்புறேன்னு தெரிஞ்சா அதோட மனசு என்ன பாடு படும்... இப்பத்தான் காலேஜுல சேந்து ரெண்டாவது வருஷம் படிக்குது, பழையபடி சிரிக்குது.

ஜெனி: அப்ப நீ யாருகிட்டடி படிச்ச? டியூஷனும் போகல. நீ பேசுறது மிஸ்ஸுக்கே புரியாது சில நேரம்.

ஹுமா: அக்காகிட்டதான்.

ஜெனி: அதுக்குத்தான் தெரியக் கூடாதுன்னியே?

ஹுமா: அக்கா, ஜெனிக்கு ஒரு சந்தேகமாம்னு ஆரம்பிப்பேன்.

ஜெனி: எனக்கா?

ஹுமா: ரெண்டு வருஷமா ஒனக்கு அம்புட்டுச் சந்தேகம்டி. நாளுக்கு ஒண்ணாச்சும் வந்துரும். அக்கா எப்படிச் சொல்லித் தரும் தெரியுமா? டிஎன்ஏ எப்படி முறுக்கிக்கிட்டு இருக்குன்னு மெத்தைக்கு ஓரம் தைக்கிற நாடாவ முறுக்கிக் காட்டும். ஜெனிக்கு இப்படிச் சொல்லு, புரிஞ்சிரும்னு சொல்லும். மூணு தடவை தோத்த பிள்ளைன்னுதான் எல்லாரும் அதப் பேசுறாங்க. மூணு தடவை அம்புட்டையும் மொதல்ல இருந்து படிச்ச பிள்ளைன்னு ஒருத்தரும் பேசல. அது மாதிரி ஒரு ஆளு எந்தக் கோச்சிங்லயும் கெடையாது.

ஜெனி: ஆத்தி... அதான் பஸ்ல என்னைய மெண்டல்னு சொல்லிச்சா?

ஹுமா: யாரு?

ஜெனி: ஒங்கக்காதான். போன மாசம் பஸ்ல பாத்தேன். ஏம்மா ஜெனி, ஒனக்கு அந்த மெண்டல் பிரச்சனை தீந்துச்சான்னு கேட்டாங்க. பஸ் நெறையா ஆளுக. எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

ஹுமா: மெண்டல் விதிடி. பட்டாணிச் செடி. நாந்தான் கேட்டேன்... நீ என்ன சொன்ன?

ஜெனி: எங்க பரம்பரையில யாருக்கும் மெண்டல் கெடையாதுக்கான்னேன்.

ஹுமா: ஐயோ... போச்சு.

ஜெனி: பரம்பரைன்னு சொன்னேன்ல. பாடத்துல இருந்து ரொம்பத் தள்ளிப் போகல.

ஹுமா: அதுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அதான் இன்னைக்கு நானே கூட்டியாறேன்னு கெளம்பி வருது. எப்பவும் எங்கத்தாதான் வருவாரு. ஜெனி, இப்ப என்ன செய்ய?

ஜெனி: பதறாத. நாந்தான் டாக்டரு. மே மாசம் வரைக்கும் நானே டாக்டரா இருக்கேன். காளவாசலுக்கு வாரேன், கடைசி பெஞ்சுல உக்காந்து தூங்குறேன். பரீட்சையன்னைக்கு கேட்டு வரைக்கும் வந்து ஒன்னைய உள்ள தள்ளிவிட்டுட்டு, எனக்கு வயித்த வலின்னு வெளிய நின்னுக்கிறேன்.

ஹுமா: இன்னமும் எனக்காகவா? வேணாம்டி...

ஜெனி: அந்தா, ஸ்கூட்டி வருது பாரு. கண்ணத் தொடச்சுக்க. மூஞ்சிய நல்லா வையி.

ஃபர்ஹா: என்னடி, ரெண்டு பேரும் மீன் எண்ணிக்கிட்டு இருக்கீங்களா? ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேனா?

ஜெனி: இல்லக்கா, வாங்கக்கா. இப்பத்தான் உக்காந்தோம்.

ஃபர்ஹா: பரீட்சை எப்படி ஜெனி?

ஜெனி: சூப்பர்க்கா. தொட்டதெல்லாம் தெரிஞ்சது.

ஃபர்ஹா: போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டியே, டிஎன்ஏ இரட்டிப்பாகும்போது ஒரு பக்கம் தொடர்ச்சியா வருது, இன்னொரு பக்கம் ஏன் துண்டு துண்டா வருதுன்னு... அது வந்துச்சா?

ஜெனி: வந்துச்சுக்கா. துண்டு துண்டாத்தான் வந்துச்சு.

ஹுமா: அக்கா, வெயிலா இருக்கு. போவோமா? அஸர் தொழுகைக்கு நேரமாகும்...

ஃபர்ஹா: இருடி. அருமையான சந்தேகம் ஜெனி அது. புத்தகத்தை எங்கெங்கயோ பொரட்டித்தான் பதில் எடுத்தேன். எப்படி யோசிச்ச?

ஜெனி: சும்மா... குளிக்கும்போது தோணுச்சுக்கா.

ஃபர்ஹா: அந்தத் துண்டுகளுக்கு ஒரு பேரு உண்டே?

ஜெனி: ஜப்பான்காரரு பேருக்கா.

ஃபர்ஹா: கரெக்டு. எந்த ஜப்பான்காரரு?

ஜெனி: நாக்கு நுனியில நிக்குது... ஹுமா, நீ சொல்லேன்.

ஹுமா: ஒகசாகி.

ஃபர்ஹா: ம். சந்தேகம் ஒருத்திக்கு, பதில் இன்னொருத்திக்கா?

ஹுமா: அது வந்துக்கா... ஜெனிக்கு இன்னைக்கு அசதி...

ஜெனி: ஆமாக்கா. பரீட்சை முடிஞ்சதும் மண்டையில இருந்து அம்புட்டும் எறங்கிருச்சு.

ஃபர்ஹா: ஏறுனாத்தானேம்மா எறங்கும்.

ஹுமா: அக்கா... அம்புட்டும் நாந்தாங்க்கா. ஜெனி ஒரு சந்தேகமும் கேட்டதில்ல. டாக்டருக்குப் படிக்கிறது நான். நீட்டுக்கும் போட்டிருக்கேன். அம்மாவுக்கும் அத்தாவுக்கும் மட்டும் தெரியும்.

ஃபர்ஹா: எனக்கும் தெரியும்.

ஹுமா: எப்ப இருந்துக்கா? மெண்டல்ல இருந்தா?

ஃபர்ஹா: மொதச் சந்தேகத்துல இருந்து. நான் பதில் சொல்லி முடிச்சதும், அப்படின்னா... அப்படின்னான்னு இழுத்து அடுத்த கேள்வி கேக்குறது நம்ம வீட்டுலயே ஒரு ஆளுதான். நீ நாலு வயசுல மழை ஏன் பெய்யுதுன்னு கேட்டப்பவும் அப்படித்தான் இழுத்த.

ஹுமா: தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையேக்கா...

ஃபர்ஹா: கேட்டா நிப்பாட்டிருவ. அடுத்த நாளு சந்தேகத்தோட வர மாட்ட.

ஹுமா: நீ நொந்துருவன்னுதாங்க்கா மறைச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல.

ஃபர்ஹா: மொத ரெண்டு நாளு நொந்தேன். அப்பறம் நீ கேக்குற கேள்வியப் பாத்து எனக்கு ஆச்சரியமாப் போச்சு. நான் மூணு தடவை படிச்சும் எனக்குத் தோணாத கேள்விடி அதெல்லாம். நான் மனப்பாடம் பண்ணிட்டு ஓடுனேன். நீ நின்னு கேக்குற. ஒன்னைய நெனச்சா அம்புட்டுப் பெருமை எனக்கு... சரி, ஜெனிம்மா, நீ நெசமா என்ன படிக்கப் போற?

ஜெனி: சட்டம்க்கா.

ஃபர்ஹா: சட்டமா?

ஹுமா: எனக்காகத்தாங்க்கா ரெண்டு வருஷம் பயாலஜியில உக்காந்திருக்கா. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்.

ஜெனி: அப்படிப் பாக்காதீங்கக்கா. எனக்கு வெக்கமா இருக்கு.

ஃபர்ஹா: வெக்கம் என்னம்மா. ஒன் கையக் குடு... ஒன் வயசுல எனக்கு ஒரு கூட்டாளியும் இப்படி இல்ல. இருந்திருந்தா நான் பஞ்சுக்குள்ள போயி உக்காந்திருக்க மாட்டேன். நீ இன்னையோட டாக்டர் வேலைய விட்டுரு. போயி ஒன் சட்டத்தைப் படி.

ஹுமா: அவள விட்டுரலாம்க்கா. ஆனா கிராஷ் கோர்ஸு? ஜெனி இல்லைன்னா பெரியத்தா என்னைய எதுக்கு அனுப்புவாரு?

ஃபர்ஹா: பேருக்கு ஜெனி இருக்கட்டும். கூட நான் வாரேன்.

ஹுமா: நீயா?

ஃபர்ஹா: தெனமும். இந்த ஸ்கூட்டியில.

ஹுமா: வகுப்பு முடியிற வரைக்கும் வெளிய காத்துக் கெடப்பியா?

ஃபர்ஹா: அதெல்லாம் பாத்துக்கிறேன்.

ஹுமா: பரீட்சையன்னைக்கு?

ஃபர்ஹா: அன்னைக்கும்தான்.

ஹுமா: வேணாம்க்கா. மே மாச வெயில்ல, அந்தப் பரீட்சை நடக்குற வாசல்ல நீ நிக்கிறத என்னால தாங்க முடியாது. உள்ள என்னால ஒரு வரி எழுத முடியாது.

ஃபர்ஹா: வாசல்ல நிக்க நான் வரலடி.

ஜெனி: பெறகு எங்கக்கா?

ஃபர்ஹா: ஜெனியோட சந்தேகத்துக்கெல்லாம் பதில் தேடித் தேடி, எனக்குப் பழையபடி ஆசை வந்துருச்சும்மா... நானும் எழுதப் போட்டிருக்கேன். அத்தாகிட்ட மட்டும், சின்னப் பிள்ளைக ரெண்டும் தனியாப் போகுதுக, துணைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்.